செனகல்: சூரைக்கு ஒப்பந்தம், சாளைக்கு இல்லை

திங்கள், டக்கார்

செனகலில் யூரோவை மாற்றப் போகிறவர்களுக்குக் கணக்கு சுலபம். ஒரு யூரோவுக்கு 655.957 சி.எஃப்.ஏ. ஃபிராங்க். நேற்றும் அதே, போன வருடமும் அதே, 1999இல் யூரோ பிறந்ததிலிருந்து அதே. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் யூரோ நீட்டினார். கமிஷனைக் கழித்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் எண்ணிக் கொடுத்தார்கள். என் டாலருக்குத்தான் பேரம் நடந்தது.

தலைநகர் டக்காரின் பிளாட்டோ பகுதியில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் மத்திய வங்கிக் கட்டடம் உயர்ந்து நிற்கிறது. எட்டு நாடுகளுக்குப் பொதுவான வங்கி. இந்தப் பணத்துக்கு உத்தரவாதம் தருவது ஐரோப்பிய ஒன்றியம் அல்ல, பிரான்ஸின் கருவூலம். நோட்டுகள் அச்சாவதும் பிரான்ஸில்தான். 1994 ஜனவரியில் ஒரே நாளில் மதிப்பைப் பாதியாக்கினார்கள். நடுவயது தாண்டியவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. 2019இல் சீர்திருத்தம் என்றார்கள், "எக்கோ" என்று புதுப் பெயரும் சொன்னார்கள். பையில் இருப்பது இன்னும் பழைய ஃபிராங்க்தான்.

நான் வந்தது பணத்துக்காக அல்ல, மீனுக்காக. மூன்று மாதம் முன்பு, 2024 நவம்பர் 17 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் செனகலுக்கும் இடையிலான மீன்பிடி உடன்பாடு காலாவதியானது. ஸ்பெயின், பிரான்ஸ் கப்பல்கள் கிளம்பிவிட்டன. அதற்குப் பிறகு கரை எப்படி இருக்கிறது என்று நேரில் பார்க்க ஆசை. இப்போது 2025 பிப்ரவரி. கடல் குளிர்ந்து மீன் கரைப்பக்கம் வரும் காலம் என்கிறார்கள். சகாராவின் புழுதி மட்டும் தினமும் தவறாமல் வருகிறது.

செவ்வாய், டக்கார்

மாலையில் சும்பெடியூன் மீன் சந்தை. நீண்ட மரப்படகுகளை உருளைகள் மேல் ஏற்றி மணலுக்குத் தள்ளுகிறார்கள். பிரோக் என்று பெயர். பக்கமெல்லாம் மஞ்சள், சிவப்பு, பச்சை. முகப்பில் மார்க்கப் பெரியவர்களின் பெயர்கள். பின்னால் நாற்பது குதிரைத்திறன் யமஹா இன்ஜின்.

எனக்கு மொழிபெயர்க்க வந்தவர் ஷேக் அந்தா ஜோப் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர். வந்த உடனே சொல்லிவிட்டார்: "எங்கள் மீனை ஐரோப்பா எடுத்துக்கொண்டது." எந்த மீன் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எல்லாம்தான்" என்றார்.

இதைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. செனகல் முதன்முதலில் ஐரோப்பியர்களோடு மீன்பிடி ஒப்பந்தம் போட்டது 1979இல். 2006இல் அது அறுந்தது. 2014இல் மறுபடி போட்டார்கள், 2019இல் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தார்கள். அந்தக் கடைசி உடன்பாட்டில் இருந்தவை இரண்டே வகை: ஆண்டுக்கு 10,000 டன் சூரை, 1,750 டன் கருப்பு ஹேக். இரண்டும் கரையோர மீன் அல்ல. சூரை நாடு நாடாகச் சுற்றும் ஆழ்கடல் மீன், ஹேக் ஆழத்தில் கிடப்பது. பிரோக்குகள் தினமும் தேடிப் போகிற யாபோய் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை. யாபோய் நம்ம சாளை மீனுக்கு நெருங்கிய சொந்தம். செனகலின் ஏழைச் சட்டியில் விழுகிற மீன் அதுதான்.

இதற்கு ஒன்றியம் கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 17 லட்சம் யூரோ. கடற்கரைக் கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 111 கோடி ஃபிராங்குக்குச் சற்று மேல் வருகிறது. மக்கள்தொகை ஒரு கோடியே எண்பது லட்சம். ஆளுக்கு 62 ஃபிராங்க். கையில் இருந்த காஃபே தூபா, அந்த மிளகுக்காரக் காபி, ஒரு குவளை 50 ஃபிராங்க். மாணவர் சிரித்துவிட்டார். கப்பல் முதலாளிகள் கட்டும் கட்டணம் தனி. இரண்டையும் சேர்த்தாலும் ஐந்தாண்டுக்கு ஒன்றரைக் கோடி யூரோவை ஒட்டித்தான் வரும்.

யார் யாரை விட்டு விலகினார்கள் என்பதில் இரண்டு கதை. 2024 மார்ச்சில் ஜெயித்த அதிபர் பசிரூ ஜொமாய் ஃபாய், மீன்பிடி ஒப்பந்தங்களைத் திருப்பிப் பார்ப்பேன் என்று வாக்குக் கேட்டவர். ஆகவே டக்காரில் பலருக்கு இது நாட்டின் வெற்றி. ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸின் கதை வேறு. 2024 மே மாதமே சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கத் தவறியதாகச் செனகலுக்கு மஞ்சள் அட்டை, அதாவது முறையான எச்சரிக்கை, காட்டியாயிற்று, அது இருக்கும்வரை புதுப்பிப்பதில்லை என்பது அவர்கள் பக்கம். இரண்டு பேரும் தான்தான் கதவைச் சாத்தினேன் என்கிறார்கள். அதே மே மாதம், யார் யாருக்கு மீன்பிடி உரிமம் இருக்கிறது என்ற கப்பல் பட்டியலைச் செனகல் அரசு வெளியிட்டது. மீனவர் சங்கங்கள் வருடக்கணக்காகக் கேட்டது அதைத்தான். செனகல் கொடியைக் கட்டிக்கொண்டு, உள்ளே சீன அல்லது ஸ்பானிய முதலோடு ஓடும் இழுவைக் கப்பல்கள் மேல்தான் அவர்களுக்கு நிஜக் கோபம். அவற்றுக்கும் ஐரோப்பிய உடன்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் கப்பல்கள் நவம்பர் 17க்குப் பிறகும் இங்கேதான் இருக்கின்றன.

இரவு செபு ஜென். மீனும் தக்காளியும் காய்கறியும் சேர்த்து வேகவைத்த சாறில் குருணை அரிசியைப் பொங்குகிறார்கள். 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய சாப்பாடு. குருணையில் கணிசமான பங்கு நம்ம ஊரிலிருந்துதான் போகிறது. 2022 செப்டம்பரில் இந்தியா குருணை ஏற்றுமதியைத் தடை செய்தபோது டக்கார் பதறிப்போனது; பிறகு அரசுக்கு அரசு பேசி, செனகல் மாதிரி சில நாடுகளுக்குக் கதவு திறந்தார்கள். என் தட்டில் இருந்த மீன் களவா இனம், தியோஃப். விலையைக் கேட்டபின் மெதுவாகச் சாப்பிட்டேன்.

புதன், ஜோவால்

விடிகாலை பிக்கின் பக்கத்து வண்டி நிலையம். "செட்-பிளாஸ்" என்றால் ஏழு பேர் ஏறும் பழைய பெஜோ கார். ஏழு பேர் சேரும்வரை நகராது. நான் ஆறாவது ஆள். ஏழாவது ஆள் வர முக்கால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் டாட்டா மினிபஸ்கள். இங்கே எந்த மினிபஸ்ஸையும் "டாட்டா" என்றே கூப்பிடுகிறார்கள்.

ஜோவால், கவிஞரும் முதல் அதிபருமான செங்கோர் பிறந்த ஊர். பக்கத்தில் கிளிஞ்சல் தீவு ஃபதியூத் இருக்கிறது, சுற்றுலாக்காரர்கள் அங்கே போகிறார்கள். நான் போகவில்லை. மீன் பதப்படுத்தும் பெண்களைப் பார்க்கத்தான் வந்தேன்.

வாடை அரை கிலோமீட்டர் முன்பே வந்துவிடுகிறது. தூத்துக்குடிப் பக்கம் கருவாட்டுக் கிட்டங்கியில் நின்றவர்களுக்கு இது பழகிய வாடைதான், கூடவே வைக்கோல் புகை. யாபோயைத் தரையில் வரிசையாக அடுக்கி, மேலே வைக்கோலோ கடலைத் தோலோ போட்டுக் கொளுத்துகிறார்கள். வெந்ததும் தோலை உரித்து, உப்பு தடவி, மேசைகளில் காயப்போடுகிறார்கள். இதற்குப் பெயர் கெச்சாக். இங்கிருந்து மாலி, புர்கினா ஃபாசோ, கினி வரை லாரியில் போகும். ஐஸ் இல்லாத உள்நாட்டு ஊர்களுக்கு இதுதான் புரதம்.

நான் போனபோது மேசைகளில் பாதி காலி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா, புகையில் கண் சிவந்தவர், ஒரு காலி மேசை மேல் உட்கார்ந்து மற்ற பெண்களோடு பேசிக்கொண்டிருந்தார். மாணவர் அவரை மரியாதையாக "யாய்" என்று அழைத்து, வீட்டார், பிள்ளைகள், உடம்பு என்று ஒவ்வொன்றாக நலம் விசாரித்து முடித்த பிறகுதான் என் கேள்விக்கு வந்தார். இங்கே அவசரப்பட்டால் பதில் கிடைக்காது.

ஐரோப்பியக் கப்பல்கள் போன பிறகு மீன் கூடியிருக்கிறதா? அவர் மாணவரை ஒரு மாதிரி பார்த்தார். "அவர்கள் யாபோயா பிடித்தார்கள்?" என்றார். அவ்வளவுதான். நேற்று அரை மணி நேரம் நான் சுற்றி வளைத்து விளக்கியதை அவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

அவருடைய சண்டை மீன்தூள் ஆலையோடு. படகு கரைக்கு வந்ததும் ஏலம் கேட்பவர்கள் இருவர். ஒரு பக்கம் இந்தப் பெண்கள். கையில் இருப்பது சீட்டுப் பணம், மிச்சத்தைக் கடன் சொல்லிக் கேட்பார்கள். இன்னொரு பக்கம் ஆலைக்கு எடுக்கும் வியாபாரி. ரொக்கம், முழுப்படகு, தரம் பார்க்காமல். படகுக்காரர் பெட்ரோலுக்கும் ஐஸுக்கும் கடன் வாங்கியவர், யாரிடம் விற்பார்? பெயருக்கு ஆலைகள் மீன் கழிவை மட்டும் அரைக்க வேண்டியவை. நடைமுறையில் நல்ல மீனும் போகிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு நாலு முதல் ஐந்து கிலோ பச்சை மீன் வேண்டும். அந்தத் தூளும் மீன் எண்ணெயும் ஐரோப்பா, துருக்கி, சீனா என்று கப்பலேறி, வளர்ப்பு மீனுக்கும் கோழிக்கும் பன்றிக்கும் தீவனமாகிறது.

இதற்கு எந்த நாட்டோடும் ஒப்பந்தம் தேவையில்லை. வெறும் ஏற்றுமதி. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லை, மஞ்சள் அட்டை இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. கடற்கரைக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் இடையில் ஒரு பெரிய மீன் ஓட்டம் இப்படிக் கையெழுத்தே இல்லாமல் நடக்கும்போது, கையெழுத்திட்ட 10,000 டன் சூரையை வைத்து டக்காரும் பிரஸ்ஸல்ஸும் மாறிமாறி அறிக்கை விடுகிறார்கள். எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒன்று, நியாயத்துக்குச் சொல்ல வேண்டும். எல்லாம் வெளியார் வேலை இல்லை. பிரோக்குகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சுருக்குமடிப் படகுகள் பெரிதாகிக்கொண்டே போகின்றன. ஒரே படகில் முப்பது பேர் போய் மீன்குஞ்சையும் அள்ளி வருகிறார்கள். படகு பெட்ரோலுக்கு அரசு மானியம் வேறு. மீன்பிடியை நம்பி ஆறு லட்சம் பேர் இருக்கும் நாட்டில் படகைக் குறை என்று எந்த அமைச்சரும் வாய்திறப்பதில்லை. யாயிடம் இதையும் கேட்டேன். "என் மகனும் அப்படி ஒரு படகில்தான் போகிறான்" என்றார், முகம் மாறாமல்.

வியாழன், ம்பூர்

ஜோவாலிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம். பெரிய மீன் இறக்குதளம், அதே பெட்டிகள், தலையில் சுமந்து தண்ணீரிலிருந்து ஓடிவரும் அதே பையன்கள்.

இங்கிருந்து கிளம்பும் படகுகள் மீனுக்கு மட்டும் போவதில்லை. கேனரித் தீவுகள் வடக்கே 1,500 கிலோமீட்டருக்கு மேல். ஸ்பெயினின் மண், ஆகவே ஐரோப்பிய ஒன்றியம். 2024இல் மட்டும் மேற்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கடல் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் 46,843 பேர். போன செப்டம்பரில் இந்தக் கரையிலிருந்து கிளம்பிய படகு கொஞ்ச தூரத்திலேயே கவிழ்ந்து பலர் செத்தார்கள். நான் அதைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை. ஒருவர் தானாகவே சொன்னார்: தம்பி அல்மேரியாவில் பசுமைக்குடிலில் தக்காளி பறிக்கிறான், இந்த வீட்டு மாடி அவன் அனுப்பியது.

டக்கார் துறைமுகத்தில் ஸ்பெயினின் சிவில் கார்ட் காவல்படையின் ரோந்துப் படகுகள் செனகல் படையோடு சேர்ந்து வருடக்கணக்காக வேலை செய்கின்றன. 2006இல், முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர் கேனரிக்குப் போன வருடம், ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் காவல் அமைப்பான ஃபிரான்டெக்ஸ் இங்கே வந்தது. 2022 பிப்ரவரியில் டக்கார் வந்த ஒன்றியத்தின் உள்துறை ஆணையர் இல்வா யொஹான்சன், ஃபிரான்டெக்ஸ் ஆட்களைச் செனகல் மண்ணிலேயே நிறுத்தலாம் என்று பேசிப்போனார். போன ஆகஸ்டில் ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சான்செஸ் வந்து, சீசனுக்குப் போய் வேலை பார்த்துத் திரும்பும் திட்டம் ஒன்றில் கையெழுத்திட்டார். மீன் ஒரு கோப்பு, ஆள் ஒரு கோப்பு என்று பிரஸ்ஸல்ஸில் இருக்கலாம். ம்பூரில் இரண்டுக்கும் ஒரே படகு, ஒரே இன்ஜின்.

வெள்ளி, போத்து

லூகாவில் இறங்கி, கடலோரம் போத்து வரை இன்னொரு வண்டி. மணல்மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் பச்சைப் பாத்திகள். செனகலின் வெங்காய நாடு இது. மதியம் ஜும்ஆ தொழுகைக்கு ஊரே அடைத்துவிட்டது. பாத்தி ஓரத்தில் தனியாக உட்கார்ந்து கடலை தின்றேன்.

மீனில் தோற்றது போல வெங்காயத்தில் தோற்கவில்லை. செனகல் வருடாவருடம் உள்ளூர் அறுவடை தொடங்கும்போது வெங்காய இறக்குமதியை நிறுத்திவிடுகிறது. அறுவடை தீர்ந்ததும் திறக்கிறது. திறந்திருக்கும் மாதங்களில் வருவது பெரும்பாலும் நெதர்லாந்து வெங்காயம். பிரச்சினை சேமிப்பில். டச்சு வெங்காயம் நன்றாக உலர்ந்து 25 கிலோ பைகளில் மாதக்கணக்கில் தாங்கும். இங்கேயோ விலை ஏறியதும் பச்சையாகவே பிடுங்கிவிடுகிறார்கள், இரண்டு வாரத்தில் அழுகுகிறது. தொழுகை முடிந்து வந்த விவசாயி, "பக்கத்து வயல்காரன் பிடுங்கினால் நானும் பிடுங்கித்தான் ஆகணும்" என்றார். கிட்டங்கி கட்டிக்கொடுத்தால் டச்சுக்காரன் தேவையே இல்லை என்பது அவர் வாதம்.

கோழிக்கும் இப்படித்தான். பறவைக் காய்ச்சலைக் காரணம் சொல்லி 2005 வாக்கில் வெளிநாட்டுக் கோழி இறைச்சிக்குத் தடை போட்டார்கள். காய்ச்சல் போனது, தடை போகவில்லை. கானாவில் ஐரோப்பிய உறைகோழி சந்தையை நிரப்புகிறது. செனகலில் உள்ளூர்ப் பண்ணைகள் பெருகிவிட்டன. பால்பொடியில் மட்டும் கோட்டை விட்டார்கள். பாமாயில் கலந்த ஐரோப்பியப் பொடி சிறு பொட்டலங்களில் எந்தக் கடையிலும் தொங்குகிறது. மாடு மேய்க்கும் ஃபுலானிகளின் பால் அதன் விலைக்கு இறங்க முடியாது.

இதெல்லாம் எப்படிச் சாத்தியமாகிறது? குறைவளர்ச்சி நாடு என்ற பட்டியலில் செனகல் இருப்பதால், ஆயுதம் தவிர எதையும் வரியின்றி ஐரோப்பாவுக்கு அனுப்பலாம். பதிலுக்குத் தன் சந்தையைத் திறக்க வேண்டியதில்லை. 2014இல் மேற்கு ஆப்பிரிக்கா முழுவதற்குமாக ஒரு பொருளாதாரக் கூட்டாண்மை உடன்பாடு பேசி முடித்தார்கள். நைஜீரியா கையெழுத்துப் போட மறுத்தது, அது அப்படியே கிடக்கிறது. ஐவரி கோஸ்டும் கானாவும் மட்டும் தனித்தனியாக இடைக்கால உடன்பாடு போட்டுக்கொண்டன. செனகலுக்கு அவசரமில்லை. ஆனால் போன டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை செனகலைக் குறைவளர்ச்சிப் பட்டியலிலிருந்து உயர்த்த முடிவு செய்துவிட்டது; 2029இல் நடைமுறைக்கு வரும், பிறகு சலுகை விலக மூன்றாண்டு அவகாசம். அப்போது ஐரோப்பா, "சரி, இப்போது நீயும் கதவைத் திற" என்று கேட்கும். வெங்காயத் தடை அந்த மேசையில் வரப்போகும் முதல் பொருள்களில் ஒன்று என்பது என் ஊகம். போத்தில் யாரும் இதைப் பேசவில்லை. இந்த வார விலையைத்தான் பேசுகிறார்கள்.

சனி, சேன் லூயி

ஃபெதெர்ப் பாலம் வழியாகத் தீவுக்குள்ளே வந்து, இன்னொரு சிறு பாலம் தாண்டினால் கெத் ந்தார். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் அட்லாண்டிக், நடுவே மணல் நாக்கு. அதில் வீடும் ஆடும் படகும் மனிதரும் இடிபட்டுக்கொண்டு இருக்கிறார்கள். 2003இல் வெள்ளத்தை வடிக்க இந்த மணல் நாக்கில் நாலு மீட்டர் வாய்க்கால் வெட்டினார்கள். கடல் அதைக் கிலோமீட்டர் கணக்கில் அகலமாக்கிவிட்டது. புது முகத்துவாரத்தில் அலை உடைந்து படகு கவிழ்வது வழக்கமாகிவிட்டது.

கடலுக்குள்ளே எரிவாயு மேடை தெரிகிறது. செனகலும் மவுரித்தானியாவும் பங்குபோட்டுக்கொள்ளும் வயல். புத்தாண்டையொட்டித்தான் முதல் வாயு வந்தது. அது நிற்கும் பாறைத்திட்டு பழைய மீன் இடமாம். இப்போது சுற்றிலும் தடைவளையம்.

ஆகவே கெத் ந்தார்க்காரர்கள் வடக்கே போகிறார்கள், மவுரித்தானியக் கடலுக்கு, அந்நாட்டு உரிமம் வாங்கிக்கொண்டு. அதே மவுரித்தானியாவோடு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இருப்பதுதான் அதன் மிகப் பெரிய மீன்பிடி உடன்பாடு: ஆண்டுக்கு 5.75 கோடி யூரோ. செனகலுக்குக் கொடுத்ததைப் போல முப்பது மடங்குக்கு மேல். அதில் கூட்டமாக ஓடும் சிறுமீன்களும் உண்டு. ஐரோப்பிய இழுவைக் கப்பல்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்பதால் யாபோய் அவர்களுக்கு இப்போது குறைவாகவே மாட்டுகிறது. நுவாதிபூவின் மீன்தூள் ஆலைகளுக்குத்தான் அது மாட்டுகிறது. யாபோய்க்கு எல்லை கிடையாது. மொராக்கோவிலிருந்து காம்பியா வரை ஒரே கூட்டம் வடக்கும் தெற்குமாகப் போய்வருகிறது. மேலே ஒருவன் அள்ளினால் கீழே ஜோவாலில் மேசை காலி.

ஒரு படகுத் தலைவர், அறுபதைத் தாண்டியவர், மூன்று சுற்று அத்தாயா தேநீர் முடியும்வரை இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐரோப்பாவோடு பேசுவதற்கு முன்னால் மவுரித்தானியாவும் நாங்களும் காம்பியாவும் பேசணும். அது நடந்ததா?" நடந்த வரைக்கும் பெயரளவில்தான்.

ஞாயிறு, டக்கார்

துறைமுகத்தில் சூரைக் கப்பலில் மீன் இறக்கும் வேலை பார்த்த ஒருவரை மாணவர் கூட்டிவந்தார். தூண்டில் போட்டுச் சூரை பிடிக்கும் ஐரோப்பியப் படகுகள் வருடக்கணக்காக டக்காரையே வீடாக வைத்திருந்தன. ஹான் விரிகுடாவில் உயிர் இரை பிடித்து, கடலுக்குப் போய், மீனைப் பெரும்பாலும் இங்குள்ள டின் ஆலைகளுக்கே போடும். உடன்பாடு போனதில் முதலில் அடி வாங்கியது இவர் மாதிரி ஆட்கள்.

மறுபடி ஒப்பந்தம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றார். உடனே விரல் மடக்கி நிபந்தனை சொன்னார்: பிடித்த மீன் அத்தனையும் இங்கே இறங்கணும், படகில் பாதி ஆள் செனகல்காரன் இருக்கணும், சம்பளம் ஸ்பெயின்காரனுக்குக் கொடுப்பதில் பாதியாவது வேணும். மாணவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, பழைய உடன்பாட்டில் இறக்குவது பற்றியும் ஆள் எடுப்பது பற்றியும் வரிகள் ஏற்கெனவே இருந்தன என்றார். "இருந்ததா? அப்படியென்றால் யார் எண்ணிப் பார்த்தது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மாணவரிடம் அதற்குப் பதில் இல்லை. திங்கட்கிழமை மீன்வள அமைச்சகத்துக்குப் போய்க் கேட்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.